எர்த்

இடப்பக்க சிக்னலைத் தட்டினால்
பிரேக் விளக்கு கண்ணடிக்கிறது.
காக்கி புக்கிட், மூன்றாம் மாடி.
மோரிஸ் மைனரின் பின்பெட்டிக்குள்
பாதி நான், பாதி டார்ச்.

"முழு வயரிங்கையும் மாத்திடு" என்கிறான் தமீம்
கோப்பி-ஓ பையை ஆட்டிக்கொண்டு.
கேட்டால் விலை சொல்வான்,
கேட்காவிட்டாலும் சொல்வான்.
வருடத்துக்கு நாற்பத்தைந்து நாள்தான்
இந்த வண்டிக்குச் சாலை.
அதில் ஒன்றை இங்கே
நின்றே தீர்க்கிறது.

ரப்பர் உறையை உரித்தால்
புல்லட் முனையெல்லாம் பச்சை.
செம்போடு பிறந்தது களிம்பு என்பார்கள்.
இது பிறகு வந்தது:
நவம்பர் மழை,
கதவோர விரிசல்,
வாங்கும்போது நான்
குனிந்து பார்க்காத பத்து நிமிடம்.

ஃபியூஸில் யாரோ
சிகரெட் தாளைச் சுற்றி
எப்படியோ வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்.
திட்ட வாயெடுத்தேன்.
அவருக்கும் அன்று மழையாக இருந்திருக்கும்.

கறுப்பு வயர்.
திருகைக் கழற்றி
உப்புத்தாளால் தேய்க்கிறேன்,
பெயின்ட் போய், துரு போய்
தகரம் பல்லைக் காட்டும்வரை.
புது முனையை நசுக்கி
இழுத்துப் பார்க்கிறேன்.
வரவில்லை.
இன்னொருமுறை இழுக்கிறேன், சந்தேகத்துக்கு.

சீட்டில் ஏறித் தட்டுகிறேன்.
பின்னால் நின்று
தமீம் கத்துகிறான்,
"எரியுது!"

எது என்று
சொல்லவில்லை.