மேல் என்றால் மேற்கு

வத்தலக்குண்டிலிருந்து ஒரு ஜிபிஎஸ் கருவி,
ஆறு மார்க்கர் பேனா, ஒரு கட்டுப் படிவம்.
கொண்டுவந்த தாள் வழியிலேயே நனைந்துபோனதால்
யாரோ ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸைப் புரட்டி விரித்தார்கள்,
கரடிச்சோலைப் பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில்.
பின்பக்கம் வெள்ளை. வெளிச்சம் பட்டால் மட்டும்
தாய்மாமன் மீசை லேசாகத் தெரியும்.

வடக்கை மேலே வையுங்கள் என்றேன்.
மூக்காயி பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.
"மேல் எங்கிட்டு இருக்கு, நீயே பாரு."
பார்த்தேன். மலை ஏறிக்கொண்டிருந்தது, மேற்கில்.
ஓடை இறங்குவது கிழக்கே.
மேலும் கீழும் திசையாகிப்போன மொழியில்தான்
நானும் படித்தேன், பரீட்சையும் எழுதினேன்.

பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை.
கல்பாசி எடுக்கும் மரங்கள்.
செல்போன் பேசும் பாறை:
இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாமவருக்குச் சிக்னல் கிடையாது.
போன வருஷம் யானை படுத்திருந்த இடம்,
இந்த வருஷம் படுக்காத அதே இடம்.
காப்பித் தோட்டத்து வேலியைச் சிவப்பில் போட்ட சடையாண்டி
கோபத்தில் திரும்பத் திரும்ப இழுத்ததில்
அளவுப்படி அது நாற்பதடி அகலமாகிவிட்டது.
நான் திருத்தவில்லை.

வனக்காவலர் வந்தார்,
ஓரமாகக் குனிந்து தேடினார்.
"இருபத்தேழாம் நம்பர் எல்லைக்கல் எங்கே?"
"நாங்க கும்பிடுற கல்லெல்லாம் போட்டாச்சு சார்."
அவரும் சிரித்துவிட்டார்.
பிறகு பென்சில் கேட்டு வாங்கி
அவரே அதைச் சின்னதாக வைத்தார்.

கருவியோடு பாதையில் இறங்கியபோது
ஏழாவது வளைவில் எல்லோரும் நின்றார்கள்.
இந்த இடத்துக்கு என்ன பெயர்?
"பேரெல்லாம் இல்ல. இவதான்" என்று
மோனிஷாவை முன்னால் தள்ளினார்கள்.
ஒன்பது வயது. டோலியில் தூக்கிவந்த தாய்க்கு
ரோடு வரை பொறுக்க முடியாமல்போன இடம்.
கருவி வானத்தைத் தேடிய அந்த அரை நிமிஷமும்
ஒற்றைக்காலில் நின்றாள்,
புள்ளி அசைந்துவிடக் கூடாதென்று.
துல்லியம் நாலு மீட்டர்.
தார் ரோட்டுக்கு இன்னும் மூணேகால் கிலோமீட்டர்.

கொடைக்கானல் அலுவலகத்தில் மேஜை போதவில்லை.
தரையில் விரித்தோம்.
"வடக்கு எங்கம்மா?"
வலது ஓரத்தில் அம்புக்குறி போட்டிருந்தேன்.
அதிகாரி தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறு பக்கம் சாய்த்தார்,
பிறகு எழுந்து சுற்றிவந்து
ஓடை முடிகிற இடத்தில்
மலையைப் பார்த்து உட்கார்ந்தார்.
வெகுநேரம் பேசவில்லை.

ஜன்னல் வழியே வெயில் வந்தது.
"காட்டுக்குள்ள யாரும்மா இது," என்றார்,
"மீசையோட?"