தாளில் இல்லாத கேள்வி

மாலை நாலரைக்குக் கரண்டு வரும்.
தையல் மிஷின் மோட்டார் உறுமத் தொடங்கும்.
அதோடு இதுவும் அடிக்கும்,
கிள்ளானுக்குத் திரும்பும்போது அவர் விட்டுப்போன மலேசிய எண்.

"வணக்கம், தயவுசெய்து வைத்துவிடாதீர்கள்"
என்றுதான் ஆரம்பிப்பான்.
முதல் நாள் எனக்குக் கார் விழுந்திருந்தது.
மறுநாள் என் பெயரில் ஒரு பார்சல்,
உள்ளே ஐந்து கடவுச்சீட்டு, ஏதோ மாத்திரை.
அதற்கடுத்த நாள், கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து,
என் கணக்கு இன்றிரவே முடங்கப் போகிறதாம்.
முடங்க அதில் என்ன இருக்கிறது தம்பி என்றேன்.
வைத்துவிட்டான்.

பொழுது போகாத ஒரு நாளில்
பாபினுக்கு நூல் சுற்றி முடிக்கும்வரை பேசவிட்டேன்.
இன்னொரு நாள் போனை மிஷின்மேல் வைத்து
ஒரு கை முழுக்கத் தைத்தேன்.
கேட்டுக்கொண்டே இருந்தான், பாவம்,
"மேடம் லைன்ல இருக்கீங்களா".

வெள்ளிக்கிழமை எரிச்சலில் பர்மியில் திட்டினேன்.
மீன்காரியிடம் கற்ற வார்த்தைகள்,
தமிழில் சொன்னால் என் வாயே கூசும்.

அந்தப் பக்கம் மூச்சு நின்றது.

"அக்கா... நீங்க எங்க இருக்கீங்க?"

அது அவன் தாளில் இல்லாத கேள்வி.

மோல்மேன், என்றேன்.
அந்த ஊர் அவனுக்குத் தெரியவில்லை.
அந்த பாஷை தெரிந்திருக்கிறது.
அவனுக்குப் பின்னால் யாரோ
"மியன் மியன்" என்று அதட்டினான்,
நான் என் மகனைப் பள்ளிக்கு விரட்டுகிற அதே சொல்.
தலைமை அலுவலகம்
தாவ்னா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.
பஸ் ஓடினால் ஒரு பகல்.
இப்போது ஓடுவதில்லை.

உடனே உரத்த குரலில் பழைய ஆளானான்.
"மேடம், உங்க கணக்கு எண்ணைச் சரிபார்க்கணும்,
நானே சொல்றேன், ஆமான்னு மட்டும் சொல்லுங்க."
ஒன்பதில் தொடங்கிப் பத்து எண்கள்.
இந்தியாவிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகைகளின்
அடியில் பார்த்திருக்கிறேன் அப்படிப்பட்ட எண்ணை.
"தாயார் பெயர் பவளக்கொடி. ஊர் ஏம்பல். சரிதானே மேடம்?"

சரி, என்றேன்.
இன்னொரு தரம் சொல்லுங்க சார், என்றேன்.
பேப்பர் கிடைக்கவில்லை.
வெட்டிப் போட்டிருந்த பச்சைத் துணியில்,
ஏதோ பள்ளிப் பிள்ளையின் தமெய்ன்,
தையல் சாக்பீஸால் எழுதினேன்.
"நன்றி மேடம்" என்றபோது
அவன் குரலில் நன்றி இருந்தது.

சனிக்கிழமை அடிக்கவில்லை.
ஞாயிறும்.
இத்தனை வருஷத்தில் நான் ஒரு மோசடிக்காரனுக்காக
போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அப்போதுதான்.

திங்கள் காலை நானே கூப்பிட்டேன்.
"பவளக்கொடி அம்மாவா? ஏம்பலா?
உங்க மகன்..."
அதற்குமேல் விடவில்லை அவள்.
"பேரு ஊரு எல்லாம் நல்லாத்தான் சொல்லுவீங்க.
போன மாசம் ஒருத்தன் எம்புள்ள பேரைச் சொல்லியே
இருபதாயிரம் வாங்கிட்டான்.
நாசமாப் போவீங்கடி."
பிறகு மணி போகவே இல்லை.

நியாயந்தான்.
நானாக இருந்தாலும் மீன்காரி பாஷையில் கேட்டிருப்பேன்.

பச்சைத் துணியை இன்னும் தைக்கவில்லை.
பிள்ளையின் அம்மா இரண்டு தரம் வந்து போய்விட்டாள்.
மடித்தால் எண் அழியும்,
இஸ்திரி போட்டாலும் அழியும்.
வேறு தாளில் எழுதிவைத்தாயிற்று, தெரியும்,
ஆனாலும்.

எதிர்வீட்டு மாச்சோவிடம் அவள் போனைக் கேட்டிருக்கிறேன்.
நாலரைக்குத் தருவாள்.
இந்த முறை திக்காமல் பேச வேண்டும் என்று
வரிவரியாக எழுதிப் பார்க்கிறேன்.
எப்படி மாற்றினாலும்
முதல் வரி அதுவாகவே வருகிறது:
வணக்கம், தயவுசெய்து வைத்துவிடாதீர்கள்.