டோக்கன் ராத்திரி

திங்கள், புதன், சனி.
டோக்கன் வாங்கி விசைப்படகு போகிற நாட்கள்
எங்களுக்குத் தெரிந்த அளவு
திருடனுக்கும் தெரியும்.
தங்கச்சிமடத்தில் அந்த மூன்று ராத்திரியும்
எங்கள் தெருவில்
வாசலுக்கு வாசல் ஆம்பிளைச் செருப்பு கிடக்கும்,
கால் இருக்காது.
நாங்களே எடுத்து வைப்பதுதான்,
பெரிய சைஸாகப் பார்த்து.

ஆவணியில் நாலு வீடு போனது.
மெர்ஸியின் தாலிக்கொடி,
ரீத்தா வீட்டு கேஸ் சிலிண்டர்,
ஒரு வீட்டில் எதுவும் கிடைக்காமல்
மீன்குழம்பைச் சட்டியோடு.
ஸ்டேஷனிலிருந்து வந்து
மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள்:
விழிப்பாக இருங்கள்.
இருந்தோம்.
சீட்டுப் பணத்தில் ஏழு லீவர் பூட்டு வாங்கினேன்.
பின்கதவுக்கு முறிந்த துடுப்பை முட்டுக் கொடுத்தேன்.
தெருநாய்க்குச் சோறு போட்டு வாசலில் பழக்கினேன்.
ஜன்னல் விளிம்பில் எவர்சில்வர் தம்ளர்கள்,
தொட்டால் விழும்படி அடுக்கி.
பூனைதான் இரண்டு தடவை தள்ளியது.
இரண்டு தடவையும் அரிவாள்மனையோடு நின்றேன்,
நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு.

ஐப்பசி, புதன், மணி ஒன்றரை இருக்கும்.
தம்ளர் விழவில்லை. நாய் குரைக்கவில்லை.
கதவில் இரண்டு விரல் தட்டு.
"ஜெனோபா, நான்தான்."

லெயோன் அண்ணன்.
என் மகனுக்கு ஞானத்தகப்பன்.
தண்ணீர் ஊற்றும்போது வீறிட்ட பிள்ளையைத்
தோளில் போட்டுத் தட்டியவர்.
இப்போது அந்தத் தோளில் நனைந்த சாக்கு.
அவித்த வாடை. கடலட்டை என்று
மூக்குக்கு முதலில் தெரிந்தது.

"ஒரே ராத்திரி. விடியுமுன்ன எடுத்துருவாங்க.
உன் வீட்டை எவனும் சந்தேகப்பட மாட்டான்."

எவனும் சந்தேகப்படாத வீடு.
பத்தொன்பது வருஷத்தில்
நான் சேர்த்து வைத்த ஒரே நகை அதுதான் என்று
அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

உள்ளே டெல்வின் எழுந்து உட்கார்ந்திருந்தான்.
பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.
போன் வெளிச்சத்தில் முகம் நீலமாக.
லெயோன் அண்ணன் ஐநூறு ரூபாய்த் தாள்களை
எண்ணவில்லை, சும்மா விரித்தார்.
எண்ணியது என் பிள்ளையின் கண்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
எட்டு, ஒன்பது, பத்து.
இடுப்பில் ஏழு லீவர் சாவி குத்தியது.

"வீட்ல இடமில்லைண்ணே."
இரண்டு அறை வீடு. அவருக்கும் தெரியும்.
"வயசுப் பையன் இருக்கான், செலவு இருக்கும்,"
என்றார், என்னைப் பார்த்து அல்ல.
"இடமில்லைண்ணே."
வேறு வார்த்தை வரவில்லை.
வந்திருந்தால் கத்தியிருப்பேன்.
கத்தியிருந்தால் தெருவே விழித்திருக்கும்,
அத்தனை அரிவாள்மனைகளோடும்.
அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும்.
சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்.
நாய் கொஞ்ச தூரம்
வாலாட்டிக்கொண்டே கூடப் போனது.

கதவைச் சாத்தினேன்.
"எவ்வளவும்மா இருக்கும் அது?"
அறையத்தான் கை போனது.
போன கை விளக்கைப் போட்டது.
போன வருஷம் அவன் அப்பா
யாழ்ப்பாணம் சிறையில் இருந்த நாற்பத்தொரு நாள்,
வக்கீல், பஸ், மனு, ஜெராக்ஸ் என்று
நான் எழுதி வைத்த நோட்டை எடுத்து
அவன் மடியில் போட்டேன்.
"இது தெரியாம எல்லை தாண்டினதுக்கு.
முதல்ல இதைக் கூட்டு.
தெரிஞ்சு செய்யிறதுக்கு எவ்வளவு வரும்னு
அப்புறம் சொல்லு."

ரொம்ப நேரம் கூட்டினான்.
நடுவில் ஒரு தடவை,
"ரெண்டு பஸ்சுக்கு எழுதலையேம்மா," என்றான்.
நடந்து போன நாட்கள் அவை.
சொல்லவில்லை.

விடிந்து வாசல் பெருக்கும்போது
எதிர்வீட்டுப் படியில்
ஈரச் சாக்கின் வட்டம், ஓரம் உப்புப் பூத்து.
அவள் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்தாள். நான் அவள் வாசலில் கிடந்த
பெரிய சைஸ் செருப்பைப் பார்த்தேன்.

சனிக்கு இன்னும் இரண்டு ராத்திரி.
நாய்க்குக் காலையில் சோறு வைக்கவில்லை.
மத்தியானம் வைத்தேன்.