இடுப்பளவு உயரத்தில்

முதலில் சுண்ணாம்பு பொரிந்தது.
பிறகு பங்குக் கோயில் காலண்டர் நனைந்து
அக்டோபர் பதினொன்றிலிருந்து கீழே
தேதிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டன.
மழை ஈரம் என்றுதான் நினைத்தேன்.
மழை நின்ற நாலாம் நாளும்
அடுக்களைச் சுவர் வியர்த்துக்கொண்டே இருந்தது.

பாலப்பள்ளத்தில் பைப்பு வேலை தெரிந்தவர்கள்
நூறு பேர் தேறுவார்கள்.
தொண்ணூற்றொன்பது பேர் கடலுக்கு அப்புறம்.
மிச்சம் ஜஸ்டஸ்.
"நாளைக்கு வாறேன் எக்கா" என்று
மூன்று நாளாக வந்துகொண்டே இருக்கிறான்.

ஆள் நுழைந்து நடக்கிற குழாய்களை
கத்தாரில் பொருத்துகிறவன் நீ.
உன் வீட்டில் முக்கால் இஞ்சு ஒழுகுகிறது, ஆன்றோ.

வீடியோவில் காட்டினேன்.
"மாடித் தொட்டிக்குக் கீழ உள்ள வால்வை
வலப்பக்கம் திருப்பு" என்றாய்.
உன் வலமா, என் வலமா என்பதற்குள்
படம் உறைந்துவிட்டது,
உன் வாய் திறந்தபடி.

சுவருக்குள் பைப்பு எதிலே போகிறது?
பதித்தவன் நீ. தலையைச் சொறிந்தாய்.
"ஜன்னல் பக்கமா இருக்கும். இல்ல, மேலயா?"
அதற்குப் பிறகு எத்தனை சுவர் பார்த்தவன்.

அப்போதுதான் அந்தப் போட்டோ.
பூச்சு வேலைக்கு முந்தின நாள்,
செங்கல் தெரிய நிற்கும் அடுக்களை,
வெட்டிய சால்களில் வெள்ளைக் குழாய்கள்.
நடுவில் நீ, நீலக் கட்டம் போட்ட கைலி,
முழங்கை வரை சிமெண்டு,
எடுப்பது நான் என்பதால் அந்தச் சிரிப்பு.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
மேலிருந்து இறங்கும் பைப்பு
உன் இடது தோளுக்குப் பின்னால் போகிறது.
வலது முட்டிக்குப் பக்கத்தில் வெளியே வருகிறது.
இடையில் எங்கேயோ ஒரு வளைவு.
அங்கே நீ நிற்கிறாய்.

கொஞ்சம் தள்ளி நின்றிருக்கக் கூடாதா என்று எழுதினேன்.
நீதானே அங்கேயே நில்லு என்றாய் என்று பதில் வந்தது.

அளக்க டேப் இல்லை.
கதவு நிலையில் ஷெறினின் உயரம் குறித்த
பென்சில் கோடுகளுக்கு வெகு மேலே
போன லீவில் ஸ்டூல் போட்டு ஏறி
அவள் கிழித்த உன் கோடு இருந்தது.
அதில் பாதி, அதற்குமேல் நாலு விரல்.
கைலி முடிச்சு வரும் இடம்.
கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது.

இரண்டாவது அடியில் பூச்சு பெயர்ந்தது,
ஏழாவதில் என் கட்டைவிரல்.
டார்ச் பிடித்திருந்த ஷெறின் கேட்டாள்:
"அப்பாக்க வயித்துலயா இடிக்க?"

உள்ளே எல்போ
தன் பைப்பை விட்டு நெல்லளவு விலகி நின்றது.
ஒரு பக்கம் மட்டும் சொல்யூஷன் தடவியிருக்கிறாய்.
மறுநாள் ராத்திரி உனக்கு விமானம்.

லூக்காஸ் கடையில் எல்போ பதினெட்டு ரூபாய்,
சொல்யூஷன் நாற்பது, அறுக்கும் பிளேடு இரவல்.
"யாரு மாட்டுகா?" என்றார்.
வீட்டில் ஆள் உண்டு என்றேன்.

அறுத்தேன். உப்புத்தாளால் உரசினேன்.
இரண்டு பக்கமும் தடவினேன்.
இரண்டு பக்கமும்.
கால் சுற்றுத் திருப்பி அழுத்திப் பிடித்து
அறுபது எண்ணும்போது
போன் மேடையில் கிடந்து துள்ளியது. நீதான்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
எடுக்கவில்லை.

சாயங்காலம் வால்வைத் திறந்தேன், என் இடப்பக்கம்.
குழாய் இரண்டு தடவை காறியது,
செம்மண் நிறத்தில் துப்பியது,
பிறகு வெள்ளம் வந்தது.

ராத்திரி கூப்பிட்டாய்.
ஒன்றும் சொல்லாமல்
கேமராவைச் சுவரின் ஓட்டைப் பக்கம் திருப்பினேன்.
படம் உறையவில்லை,
நீதான் அசையாமல் இருந்தாய்.

"கொஞ்சம் சரிஞ்சிருக்கு" என்றாய் கடைசியில்.
"ஒழுகுதா?" என்றேன்.