பாக்கி ஏதும் இல்லை

பட்டச் சான்றிதழின் முன்பக்கத்தில் நான் ஒருத்திதான்.
பின்பக்கத்தில் கூட்டம்:
சென்னையில் ஒரு முத்திரை, டெல்லியில் இரண்டு,
அபுதாபியில் ஒட்டிய வில்லை ஒன்று.
இவள் சட்டம் படித்தது உண்மைதான் என்று
என்னைப் பார்த்தேயிராத நாலு பேர் கையெழுத்திட்ட பிறகு
மேற்படிப்புக்கு வரலாம் என்றது கடிதம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
என்றைக்கோ ஒரு ஏஜெண்ட்
அதில் அப்பாவை உட்காரவைத்துவிட்டான்.
அதனால் மாணவர் அட்டையில்
என் முகத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் சுடலைமுத்து.
புஷ்பகலா பக்கத்தில், பொடி எழுத்தில், துணைக்கு வந்தவள் மாதிரி.

திங்கள் மாலை ஆறரைக்கு முதல் வகுப்பு.
ரோலா டைப்பிங் சென்டரில்
மீதி டோக்கன்களை ஷைலாவிடம் தள்ளிவிட்டு
குல்ஜானின் கார்லிஃப்ட்டில் ஏறினேன்.
'படித்து முடித்தால் இங்கே கோர்ட்டில் பேசுவியா?'
'இல்லை.'
'அப்போ ஊரிலா?'
'தெரியாது.'
'பின்னே எதுக்கு?'
சிக்னல் பச்சையானது.
அவர் கேள்வியை மறந்துவிட்டார். நான் இன்னும் மறக்கவில்லை.

அனுப்பியிருந்தது அறுபத்துநாலு பக்கம்.
மஞ்சள் பேனாவால் கோடு போட்டேன், போட்டேன்,
கடைசியில் கோடு போடாத வரிகள்தான்
முக்கியமானவை போலத் தெரிந்தன.
அரங்கில் பிணவறைக் குளிர்.
துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு
கடைசிக்கு முந்தின வரிசை.

'மிஸ் சுதாலமூத்து!'
அப்பா எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.
கோர்ட்டுப் படி மிதிக்காத பரம்பரை என்று
சாகும்வரை பெருமையடித்தவர்.
டாக்டர் இக்லாஸின் கண்ணாடி என்மேலேயே நின்றது.
சூடான்காரர்; சத்தம் போடமாட்டார்; காத்திருப்பார்.
அதுதான் பயம்.

கேள்வி இதுதான்:
ஒரு தொழிலாளி கையெழுத்திடுகிறான்,
'எனக்குச் சேரவேண்டிய சம்பளம், பணிக்கொடை, விடுப்புப் பணம்
யாவும் பெற்றுக்கொண்டேன்.
கம்பெனியிடம் பாக்கி ஏதும் இல்லை.'
பிறகு பெறவில்லை என்கிறான்.
அந்தத் தாள் அவனைக் கட்டுப்படுத்துமா?

முன்வரிசைப் பையன் கையெழுத்து என்றால் கையெழுத்துதான் என்றான்.
ஜோர்டான் பெண் சுதந்திரமான சம்மதம் பற்றி
அழகாகப் பேசினாள்.
எனக்கு அந்தத் தாளையே தெரியும்.
எந்த வார்த்தையில் வரி மடங்கும்,
முத்திரைக்கு இடப்பக்கம் எத்தனை விரல் விடவேண்டும்,
பெருவிரல் மை எந்த எழுத்தின்மேல் ஈஷும்.
இருபது திர்ஹம். நகல் வேண்டுமென்றால் மூன்று.

'அந்த வரியை அவன் சொல்லவில்லை, டாக்டர்.
அவன் வருவதற்கு முன்பே அது அங்கே இருக்கிறது.'
'உங்களுக்கு எப்படித் தெரியும்?'
வாய்வரை வந்தது.
'படித்தேன்' என்றேன்.
'எந்தப் பக்கத்தில்?'
சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.
இரவு பதினொன்றுக்கு, கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி,
கீழே ஷைலா குறட்டைவிட,
செல்போன் வெளிச்சத்தில்
அந்தப் பொய்க்கு ஒரு பக்க எண் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, டோக்கன் பதினாலு.
முழங்கைவரை சிமெண்ட் வெளுப்பு.
பக்கத்தில் கம்பெனி ஆள், கையில் கார்ச்சாவி சுழல.
கோப்பைத் திறந்தேன். எல்லாம் ரெடி. பெயர் மட்டும் காலி.
'பணம் வாங்கிட்டீங்களாண்ணே?'
ஒன்பது வருஷத்தில் முதல்முறை கேட்கிறேன்.
சாவி நின்றது.
அவர் சாவியைப் பார்த்தார், அப்புறம் என்னை.
'ராத்திரி ஃபிளைட்டும்மா. அடிங்க.'

அவருக்கும் குடும்பப் பெயர் கிடையாது.
'அப்பா பேரு சொல்லுங்க' என்றேன்.
சொன்னார்.
அடித்தேன், ஒற்றை விரலால்,
ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி,
இன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவள் மாதிரி.