மொட்டை அம்பு

கயானி நகரில், அடுக்குமாடி வீடுகளுக்கு அடியில்
கருங்கல்லைக் குடைந்த ஒரு பதுங்கிடம்.
போர் வந்தால் அறுநூறு பேர் ஒளிவதற்கு.
போர் வராத செவ்வாய்க்கிழமைகளில்
நாங்கள் ஒன்பது பேர் அங்கே அம்பு விடுகிறோம்.

மேலே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே ரப்பர் வாடை, உருகிய பனியில் நனைந்த பூட்ஸ்,
யாரோ கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டி.

பதினான்கு மாதம் கழித்து வந்திருக்கிறேன்.
தோளில் மூன்று தழும்பு.
மருத்துவர் அனுமதித்த இழுவை இருபத்தெட்டு பவுண்டு.
முன்பு முப்பத்தெட்டு.
"பத்துதானே குறைவு" என்றான் தார்மோ.
பத்து என்றால் என்ன என்று
தெரியாதவன் இல்லை அவன்.

வில்லின் கைகளை மாற்றினேன், மெலிந்தவையாக.
அம்புகளை மாற்றவில்லை.
ஒரு டஜன், ஒவ்வொன்றின் வாலருகே
வெள்ளை மையில் என் முதலெழுத்து.
அவை நடுவட்டத்தின் வீட்டுவாசல் அறிந்தவை
என்று நம்பியிருந்தேன்.

எல்லாம் இடப்பக்கம்.

மூச்சைச் சந்தேகித்தேன். விரலை. தாடையை.
நிற்கும் காலைக் கால் அங்குலம் நகர்த்தினேன்.
எய்தவள் இருக்க அம்பை நோகலாமா?
மூன்று செவ்வாய் என்னையே நொந்துகொண்டேன்.

நான்காம் செவ்வாய், கேட்காமலே
தார்மோ என் அம்பொன்றின் இறகுகளைக்
கத்தியால் சீவி எடுத்தான்.
"இறகு சமாளித்துவிடும்.
மொட்டைக்குச் சமாளிக்கத் தெரியாது."

பதினெட்டு மீட்டர்.
மொட்டை அம்பு மற்றவற்றை விட்டு
ஒன்றரைச் சாண் தள்ளிக் கோணலாகக் குத்தி நின்றது,
கூட்டத்தில் பேசக் கூடாததைப் பேசிவிட்ட
ஆள் மாதிரி.

செல்பேசியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம்.
அம்பு நேராகக் கிளம்புவதே இல்லை.
வில்லின் உடம்பு வழியை மறிக்கிறது;
நாண் தள்ளத் தள்ள அம்பு ஒருபுறம் நெளிந்து
மறுபுறம் நெளிந்து
உரசாமல் கடக்க வேண்டும், கண்ணாடி விரியன் மாதிரி அல்ல,
வலைக்கு வெளியே நழுவும் ஏரிமீன் மாதிரி.
என்னுடையது நெளியவில்லை.
கம்பியாய் வந்து வில்லில் இடித்தது.
டக்.
மூன்று வாரமாக அந்தச் சத்தம்
என் தோளில் இருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன்.

கனமான முனை திருகிப் பார்த்தேன்,
நூறு கிரெயினுக்குப் பதில் நூற்றைம்பது.
பாதி தூரம் வந்தது. பாதிதான்.
அவை முப்பத்தெட்டுக்கு வளையும்படி அறுத்தவை.
அப்படி இழுத்தவளை எனக்கு நன்றாகத் தெரியும்.

மென்மையான தண்டுகள் வரவழைத்தேன்.
பழையவற்றை இங்கெரி கேட்டாள்,
அறுபது யூரோவுக்கு. நாற்பத்தைந்துக்குக் கொடுத்தேன்.
மொட்டை அம்பை மட்டும் கொடுக்கவில்லை.

இன்று என் புதிய மொட்டை
கூட்டத்துக்கு இரண்டு விரல் வலப்புறம் நிற்கிறது.
கொஞ்சம் மெலிவு. இருக்கட்டும்.
வில் சத்தமே போடவில்லை.

அடுத்த பலகையில் இங்கெரியின் அம்பு
சரியாகப் பத்தில்.
மதிப்பெண் எழுதும் பையன் வாலருகே குனிந்து
முதலெழுத்தைப் படித்து, "இது யாருடையது?" என்றான்.

இரண்டு பேரும் வாய் திறந்தோம்.