அறுபத்திரண்டாம் கல்

லெமுவேல் ட்ராஸ்கின் தலைமாட்டில்
ஒரு வுட்சக் வளை தோண்டியிருக்கிறது.
போன வாரம் வெட்டிய புல்லின் மேல்
ஈரமண்ணை வாரி இறைத்து,
குவியலின் உச்சியில்
தனக்கு வேண்டாமென்று தள்ளியது போல
ஒரு பித்தளைப் பொத்தான்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு
மார்சியா தூபே அதை எடுத்தாள்.
எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.
களிம்பு கொஞ்சம் விலகியது.
மூன்று தூண்கள், மேலே ஒரு வளைவு:
ஜார்ஜியாவின் முத்திரை.
ஆயிரம் மைல் தெற்கே
ட்ராஸ்க் யாரைச் சுடப் போனாரோ
அவர்களின் சட்டையில் இருந்தது.

வெர்மாண்டின் இந்தக் குன்றில்
கல்லறைகள் அறுபத்து மூன்று.
சுற்றுச்சுவருக்குச் சாந்து கிடையாது;
ஏர் இடறிய கற்களை
ஏரோட்டியவர்களே அடுக்கியது.
பலகைக்கற்களில் பாதிப் பெயர்களைப்
பாசி வாசித்து முடித்துவிட்டது.
தொண்டையடைப்பான் கொண்டுபோன
ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே கல்,
ஒரே பிப்ரவரி.
வரைபடத்தில் ட்ராஸ்க் அறுபத்திரண்டு.
அவர் காலடியில் மட்டும் வெண்கல நட்சத்திரம்.
நடுகல்லுக்குப் பீலி சூட்டுவது போல
மே மாதக் கடைசியில்
ஒரு சிறு துணிக்கொடி.

ஊருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்.
இருபத்தொன்றில் போனார்.
இருபத்துநான்கில் வந்தார்.
இடது கை மடங்காது.
முதலில் ஆடு, பிறகு பசு, பிறகு மேப்பிள் பாகு.
நினைவுநாளில் பேச அழைத்தால் மறுக்கமாட்டார்.
மேடையேறி, தொப்பியைக் கழற்றி,
"குளிர் அதிகம்" என்பார்.
உட்கார்ந்துவிடுவார்.
எக்காளக்காரன் உதட்டை நனைப்பதற்குள்
பேச்சு முடிந்திருக்கும்.

ஊர்க்கூடத்தில்
கல்லறைக் கமிட்டி கூடியது.
மேசை மேல் பொத்தான்,
அதைச் சுற்றி மூன்று காப்பிக் கோப்பைகள்.
"வென்றவன் எடுத்துவந்த பொருள், அவ்வளவுதான்"
என்றார் வென்டெல் ஓக்ஸ்.
"கொன்றவனுடையது.
இல்லாவிட்டால் சவப்பெட்டிவரை ஏன்?"
என்றாள் ஐரீன் ஸ்பால்டிங்.
மூன்றாமவர் ரோலண்ட் கிட்டெரிட்ஜ்
வெகுநேரம் தாடையைச் சொறிந்தார்.
"இரண்டு பக்கமும் நின்றவனோ என்னவோ.
கொடியை எதற்கும் ஒரு வருஷம் நிறுத்திவைக்கலாமா?"
ஹீட்டர் குழாய் ஒருமுறை இருமியது.

கொடி இருக்கட்டும் என்று முடிவாயிற்று.
பொத்தான் மாவட்டக் காட்சியகத்துக்கு.
கண்ணாடிப் பெட்டியில் இடமிருக்கிறதாம்,
ஒரு வெண்ணெய்க் கடைசலுக்கும்
யாரோ ஒருவரின் பல்வரிசைக்கும் நடுவில்.
புல்வெட்டும் மார்சியாவுக்கு ஓட்டு இல்லை.
உறையில் போட்டு அவளிடமே கொடுத்தார்கள்,
திங்கட்கிழமை அந்தப் பக்கம் போகிறவள் என்று.

திங்கட்கிழமை,
டிரக்கில் உட்கார்ந்து உறையைக் கவிழ்த்தாள்.
பொத்தானின் பின்வளையத்தில்
நூல் இருந்தது.
செம்புக் களிம்பு ஊறி மக்காமல் நின்ற
நான்கைந்து இழை.
கோணல்மாணலாக, ஒன்றின் மேல் ஒன்று,
முடிச்சுக்கு மேல் முடிச்சு.
ஒரு கை மடங்காதவன்
பல்லால் நூலைப் பிடித்துக்கொண்டு
தன் சட்டையில் தானே தைத்தால்
இப்படித்தான் வரும்.

கொள்ளைப் பொருளைப் பையில் வைப்பார்கள்.
யார் தைத்துப் போட்டுக்கொள்வார்கள்?
எந்தச் சட்டையில், உள்ளேயா வெளியேயா,
குளிர் அதிகமாயிருந்த அந்த இரவில்
யாருடைய கோட்டு யார் மேல் கிடந்தது?
அவளுக்குத் தெரியவில்லை.
தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளவும் பிடிக்கவில்லை.

வண்டியைத் திருப்பினாள்.
குன்றில் மண்டியிட்டு
முழங்கை வரை, பிறகு தோள் வரை
வளைக்குள் கையை விட்டாள்.
உள்ளே எதிர்பாராத வெதுவெதுப்பு.
விரல்களை விரித்தாள்.
முகத்தருகே புல்லில்
அவளே வெட்டாமல் விட்ட ஒரு டேண்டிலயன்.

ஜூன் மாதக் கூட்டக் குறிப்பு:
பொத்தான் வழியில் தொலைந்தது.
வுட்சக்கைப் பிடிக்கக் கூண்டு வைக்கும் யோசனை
மார்சியா தூபே வேண்டாமென்றதால் ஒத்திவைப்பு.
புல் வெட்டிய கூலி நாற்பத்தைந்து டாலர்.
ஒப்புதல்.